ஏறினால் வியர்வை, உட்கார்ந்தால் உறைபனி

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவரின் நாள், விடிவதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. ராக்கி மலைத்தொடரின் அந்தப் பகுதியில் துப்பாக்கி வேட்டைப் பருவம் அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து, ஏறத்தாழ ஐந்து வாரம் நீடித்து, நவம்பர் இறுதியில் முடியும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், முதுகில் பையும் தோளில் துப்பாக்கியுமாக இருட்டிலேயே ஏறத் தொடங்குகிறார்கள். பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே குளிர் இருந்தாலும் அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும். இரண்டு மணி நேரம் ஏறி ஒரு முகட்டை அடைந்ததும், பாறை மறைவில் உட்கார்ந்து தொலைநோக்கியால் எதிர்ச்சரிவுகளைத் துழாவ வேண்டும். எல்க் மரங்களை விட்டு வெளியே வரும்வரை அசையக் கூடாது. அதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். நண்பகல் வெயிலில் பனி இளகிச் சேறாகும். மாலையில் அந்தச் சேறே கல்லாக உறையும்.

இவ்வளவையும் ஒரே நாளில், ஒரே ஜோடி பூட்ஸில் கடக்க வேண்டும். வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைவிடவும் காலணியைப் பற்றி அதிகம் வாதிடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துவிட்டது. அமெரிக்காவில் உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகிய கட்டுப்பாடுகளோடு அது தொடர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் கீழே சரிந்திருந்த எல்க் மான்கள் இன்று ஏறத்தாழ பத்து லட்சமாகப் பெருகியிருக்கின்றன. அந்த மீட்சிக்கு உரிமக் கட்டணமும், 1937-இல் துப்பாக்கிகள், தோட்டாக்கள்மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கிய சட்டமும் பெரிதும் உதவின. வேட்டையைப் பற்றி ஒருவரின் கருத்து எதுவாக இருந்தாலும், அந்த மலைகளில் காலைக் காப்பாற்றும் அறிவியல் எல்லோருக்கும் பொதுவானது. இமயமலையில் நடைப்பயணம் போகும் சென்னைக்காரருக்கும் எல்லையில் காவல் நிற்கும் சிப்பாய்க்கும் அது அப்படியே பொருந்தும்.

கடைக்குள் நுழையும் பலர் கேட்கும் முதல் கேள்வி, 'இருப்பதிலேயே அதிகச் சூடு தரும் பூட்ஸ் எது?' என்பது. ஆனால் எந்தப் பூட்ஸும் சூடு தருவதில்லை. சூடு இரத்தத்தில் வருகிறது. வந்ததை விரைவில் வெளியேறவிடாமல் தடுப்பதுதான் பூட்ஸின் வேலை. கேட்க வேண்டியது வேறு: நாளில் எவ்வளவு நேரம் நடை, எவ்வளவு நேரம் உட்காருதல், இடையில் சேரும் ஈரத்துக்கு என்ன வழி?

பாதத்துக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. சுமையோடு செங்குத்தான மலை ஏறும்போது அது 600, 700 வாட்டாக உயரும். ஒரே மனிதர்தான். ஆனால் ஏறும்போது அவருக்கு வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய அவசரம், உட்கார்ந்ததும் அதைப் பிடித்துவைக்க வேண்டிய அவசரம். ஒன்றுக்கென்று செய்த காலணி மற்றதற்கு எதிரியாகிவிடுகிறது.

பாதத்தின் அமைப்பு இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. அதில் எலும்பும் தசைநாணும் அதிகம், தசை குறைவு. விரல்களை அசைக்கும் பெரிய தசைகள் கெண்டைக்காலில் இருக்கின்றன. அதனால் பாதம் தானாக உண்டாக்கும் வெப்பம் சொற்பம். பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்போ அதிகம், குறிப்பாக விரல்களில். உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும் இதயத்தையும் மூளையையும் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களை உடல் சுருக்கிவிடுகிறது. விரலின் தோல் 15 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பலருக்கு வலி ஆரம்பிக்கும். ஏழெட்டு டிகிரிக்கு இறங்கினால் உணர்வே மரத்துவிடும். வலி நின்றதும் கால் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஆபத்து அப்போதுதான் நெருங்கியிருக்கிறது. தோல் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனால் திசுக்களில் பனிப்படிகம் உருவாகும். பனிக்கடி என்பது அதுதான்.

உடல் கடைசிவரை போராடவும் செய்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் பனிநீரில் வைத்த விரல்களின் வெப்பநிலையை அளந்தார். விரல் குளிர்ந்த சில நிமிடங்களில் இரத்தக் குழாய்கள் தற்காலிகமாகத் திறந்து விரலைச் சூடாக்கின, பிறகு சுருங்கின, மறுபடியும் திறந்தன. குளிரில் வாழும் விரல்களுக்கு இது இயற்கை தந்த காவல். உடலின் நடுப்பகுதி குளிர்ந்துபோனால் இந்த எதிர்வினை தளர்ந்துவிடுகிறது. கால் குளிர்ந்தால் தொப்பியையும் மேலங்கியையும் போட்டுக்கொள் என்று மலைவாசிகள் சொல்வதில் உடலியல் உண்மை இருக்கிறது.

இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் எதுவும் குளிரைக் கூட்டும். அளவாகப் பொருந்திய பூட்ஸுக்குள் கூடுதலாக ஒரு தடித்த சாக்ஸைத் திணித்தால் கால் சூடாகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இறுக்கம் குழாய்களை நெரிக்கிறது, காற்று தங்க வேண்டிய இடமும் நசுங்கிவிடுகிறது. உட்காரும்போது லேஸைத் தளர்த்திவிடுவதும், புகைப்பதைத் தவிர்ப்பதும் கால் விரல்களுக்கு உடனே நன்மை செய்யும். நிகோட்டின் குழாய்களைச் சுருக்குகிறது.

ஈரம் செய்யும் வேலை

கம்பளியோ, நமுதை எனப்படும் அழுத்தித் திரட்டிய கம்பளித் துணியோ, செயற்கை நுண்ணிழையோ, குளிர்க்காப்பு எல்லாமே ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. அசையாத காற்றைச் சிறு சிறு இடைவெளிகளில் பிடித்துவைப்பதே அந்தத் தத்துவம். காற்றின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.025. தண்ணீரின் கடத்துதிறன் 0.6, அதாவது சுமார் 24 மடங்கு. இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், அதே தடிமனுள்ள காப்பு வெப்பம் வெளியேறும் பாதையாகிவிடுகிறது.

முதல் உலகப் போரின் முதல் குளிர்காலத்திலேயே, 1914-15-இல், ஆயிரக்கணக்கான வீரர்கள் இதற்குத் தங்கள் கால்களால் விலை கொடுத்தார்கள். பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் ஈரச்சேற்றில் நின்றவர்களின் பாதங்கள் வீங்கி, நிறம் மாறி, அழுகின. அந்த நோய்க்கு உறைநிலைக் குளிர்கூடத் தேவைப்படவில்லை. பூஜ்யத்துக்கு மேலே பல டிகிரி இருந்தாலும், நீங்காத ஈரமும் இறுக்கமான பூட்ஸும் அசைவின்மையும் சேர்ந்தால் போதும்.

மலை வேட்டைக்கு இன்னும் நெருக்கமான பாடம் கொரியப் போரில் கிடைத்தது. 1950 நவம்பர், டிசம்பரில் சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய மலைகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போனது. அமெரிக்க வீரர்களுக்குக் கொடுத்திருந்த பூட்ஸின் அடிப்பகுதி ரப்பர், மேற்பகுதி தோல், உள்ளே நமுதை. வெளியிலிருந்து தண்ணீர் நுழையவில்லை. சுமையோடு நடந்தபோது உள்ளிருந்து சுரந்த வியர்வையும் வெளியேறவில்லை. நின்றபோது அந்த வியர்வை உள்ளேயே உறைந்தது. நடை, வியர்வை, ஓய்வு, உறைவு என்ற இந்த வரிசையில் பலர் கால் விரல்களை இழந்தார்கள்.

அதற்குப் பின் அமெரிக்க இராணுவம் கொண்டுவந்த பூட்ஸ் வியர்வையைத் தடுக்க முயலவில்லை. கம்பளிக் காப்பை இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே முழுவதுமாக அடைத்து மூடினார்கள். கால் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் காப்புக்குள் ஒரு சொட்டும் போகாது. கால் ஈரம், காப்பு உலர்வு, எனவே சூடு பத்திரம். வெள்ளை நிறத்தில் வந்த வகை மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. அலாஸ்காவில் அசையாமல் நிற்பதற்கு அது இன்றும் பேர்பெற்றது. எடை மிக அதிகம் என்பதாலும் கால் உள்ளேயே ஊறுவதாலும் நாளெல்லாம் மலை ஏற உதவாது.

எவரெஸ்ட்டிலும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. 1953 மே 28 இரவு, ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் போட்ட கடைசி முகாமில் எட்மண்ட் ஹில்லாரி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினார். பகலில் அதில் ஏறியிருந்த ஈரம் இரவில் உறைந்து, காலையில் பூட்ஸ் கல்லாகக் கிடந்தது. அடுப்பின்மேல் பிடித்து அதை இளக்க இரண்டு மணி நேரம் ஆனது. மனிதர்கள் முதன்முறையாக எவரெஸ்ட் உச்சியில் கால்வைத்த நாள் அப்படித்தான் தொடங்கியது.

வைக்கோலிலிருந்து சவ்வுவரை

இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு தேடியவர்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவர்களில் ஒருவர் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். 1991 செப்டம்பரில் ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில், 3,210 மீட்டர் உயரப் பனிக்குள் இருந்து அவருடைய உடல் வெளிப்பட்டது. ஊட்சி என்று உலகம் அழைக்கும் அந்த மனிதர் வில்லும் அம்புகளும் வைத்திருந்தார். காலணியின் அடி கரடித்தோல், மேற்பகுதி மான்தோல். உள்ளே லிண்டன் மரப்பட்டை நாரில் முடைந்த வலை, அந்த வலைக்கும் தோலுக்கும் நடுவே காய்ந்த புல். சறுக்காமல் இருக்க அடியில் குறுக்கே ஒரு தோல் வார். செக் நாட்டின் ஸ்லீன் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலணி ஆய்வாளர் பெட்ர் ஹ்லாவாசெக் அதே பொருள்களைக்கொண்டு பிரதிகள் செய்து, மலையில் நடந்து சோதித்தார். காய்ந்த புல் காற்றைப் பிடித்துவைக்கும், வியர்வையை உறிஞ்சும், நனைந்தால் எடுத்தெறிந்துவிட்டு வேறு புல்லைத் திணித்துக்கொள்ளலாம்.

வட ஐரோப்பாவின் சாமி மக்கள் கலைமான்தோல் காலணிக்குள் கோரைப்புல்லைத் திணிப்பதும் இதே அறிவுதான். 1911-இல் தென்துருவத்தை முதலில் அடைந்த ரோஆல் அமுண்ட்சென் தன் குழுவினருக்கு அந்தப் புல்லையே கொண்டுபோனார். ஆர்க்டிக்கின் இனுயிட் பெண்கள் சீல் தோல் காலணிகளை விலங்கின் தசைநாணால் தைத்தார்கள். நனைந்ததும் நாண் உப்பி, ஊசித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும்.

நவீன வேட்டைக் காலணியின் கதை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்குகிறது. வேட்டையிலிருந்து நனைந்த கால்களோடு திரும்பிய லியான் லியோன்வுட் பீன் என்ற கடைக்காரர், ரப்பர் அடிப்பகுதியோடு தோல் மேற்பகுதியைச் சேர்த்துத் தைக்கச் செய்தார். 1912-இல் தபால் வழியாக விற்ற முதல் 100 ஜோடிகளில் 90 ஜோடிகள் தையல் விட்டுத் திரும்பிவந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி வடிவமைப்பைச் சரிசெய்தார் அவர். சதுப்பும் தட்டையான காடும் நிறைந்த மெய்னுக்கு அந்தக் காலணி கச்சிதம். சரிவான பாறையில் அதன் மெல்லிய ரப்பர் அடி வளைந்துகொடுக்கும், குதிகால் உள்ளே வழுக்கும்.

வெளித் தண்ணீரைத் தடுத்துக்கொண்டே வியர்வையை வெளியே விடும் வழி 1969-இல் பிறந்தது. அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் கம்பியை மெதுவாக இழுப்பதற்குப் பதில் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொருளானது. தண்ணீர்த் துளி புக முடியாத அளவு சிறிய துளைகள், நீராவி மூலக்கூறு தாராளமாகக் கடக்கும் அளவு பெரியவை. அதுவே கோர்டெக்ஸ் சவ்வு. 1979-இல் டான்னர் என்ற காலணி நிறுவனம் அதைப் பூட்ஸுக்குள் வைத்தது.

சவ்வைப் பற்றி ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. அது தானாக எதையும் வெளியே தள்ளுவதில்லை. உள்ளே நீராவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும்போது ஆவி அந்தத் திசையில் நகர்கிறது. வெளித்தோல் தண்ணீரில் ஊறிவிட்டால் அந்த வழி அடைபடும். கடுங்குளிரில் ஆவி முழுவதும் வெளியேறுவதற்கு முன்பே தோலின் குளிர்ந்த பக்கத்தில் நீராகிவிடும். அதனால்தான் சவ்வு இருந்தாலும் தோலுக்கு மெழுகு பூச வேண்டியிருக்கிறது, சவ்வு இருந்தாலும் மாற்று சாக்ஸ் பையில் இருக்க வேண்டியிருக்கிறது.

அட்டைப் பெட்டியில் 200, 400, 800, 1000 கிராம் என்று அச்சிட்டிருக்கும். இது பூட்ஸின் எடையும் அல்ல, வெப்ப அளவும் அல்ல. ஒரு சதுர மீட்டர் காப்புத் துணியின் எடை. அதே 400 கிராம் காப்பு, தளர்வான பூட்ஸில் ஒருவிதமாகவும் இறுக்கமான பூட்ஸில் வேறுவிதமாகவும் வேலை செய்யும். உடல் எடை அழுத்தும் உள்ளங்காலின் கீழே அது நசுங்கிவிடுவதால் அங்கே தடித்த சோலும் நமுதை இன்சோலும்தான் காக்கின்றன. 'மைனஸ் 40 வரை' என்று விளம்பரம் சொல்லும் எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கா, நடப்பவருக்கா என்று அது சொல்வதில்லை. ஐரோப்பாவில் பாதுகாப்புக் காலணிகளுக்கான தரச் சோதனையில் பூட்ஸை மைனஸ் 17 டிகிரி அறையில் அரை மணி நேரம் வைப்பார்கள். உள்ளே வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இறங்கவில்லை என்றால் தேர்ச்சி. அந்தச் சோதனையில் வியர்வை கிடையாது, காலும் கிடையாது. இந்தக் குறையை நிரப்பத்தான் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் காலெவ் குக்லானே போன்றவர்கள் சூடாக்கி வியர்க்கவைக்கும் செயற்கைப் பாதங்களை வைத்து ஆராய்ந்தார்கள்.

சாக்ஸ் கம்பளியாக இருக்கட்டும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்ட பிறகும் கம்பளி தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது, ஈரத்தை உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தை வெளியிடவும் செய்யும். பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டி, குளிரவைக்கும், கொப்புளமும் தரும்.

சரிவு கேட்கும் பூட்ஸ்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையேறிகளும் மலை வேட்டைக்காரர்களும் தோல் அடியில் இரும்பு ஆணி அறைந்த பூட்ஸ் அணிந்தார்கள். ஆணி பனியைப் பற்றும். ஆனால் இரும்பு வெப்பத்தைக் கடத்துவதில் ரப்பரைவிடப் பல நூறு மடங்கு வல்லது. ஒவ்வோர் ஆணியும் உள்ளங்காலின் சூட்டை வெளியேற்றும் குழாயாக இருந்தது. செங்குத்தான பாறையில் ஆணி வழுக்குவதால் அங்கே மெல்லிய துணிச் செருப்புக்கு மாறுவார்கள். அந்தச் செருப்பில் பனிப்புயலிடம் சிக்கினால் தப்பிப்பது கடினம்.

1935-இல் ஆல்ப்ஸ் மலையின் புன்டா ரசிகா சிகரத்தில் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானியின் தோழர்கள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரம் அவரை மாற்றுச் சோலைத் தேடவைத்தது. கார் டயரைப்போலக் கடினப்படுத்திய ரப்பரில், ஆழமான பற்களோடு ஒரு சோலை உருவாக்கி 1937-இல் காப்புரிமை பெற்றார். பிரெல்லி டயர் நிறுவனம் துணைநின்றது. அவர் பெயரின் எழுத்துகளிலிருந்து பிறந்த விப்ரம் சோல், 1954-இல் உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே2-வை முதன்முதலில் அடைந்த இத்தாலியக் குழுவின் கால்களில் இருந்தது. இன்று மலை வேட்டை பூட்ஸ் பலவற்றின் அடியில் மஞ்சள் நிற எண்கோண முத்திரையோடு இருப்பதும் அதுதான்.

பற்கள் சேற்றிலும் மென்பனியிலும் பாறையிலும் பிடிக்கும். பனிக்கட்டிமேல் கதை வேறு. குளிரில் ரப்பர் இறுகிவிடும், பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கட்டியின் மேற்பரப்போ மிக வழுக்கலாக இருக்கும். கனடாவின் டொரண்டோ நகரில் ஒரு மறுவாழ்வு ஆராய்ச்சிக்கூடம் பனிக்கட்டித் தரையைச் சாய்த்துச் சாய்த்து, ஆட்களை நடக்கவைத்து குளிர்கால பூட்ஸைச் சோதித்து வருகிறது. வெறும் ஏழு டிகிரி சரிவில் வழுக்காமல் நிற்பதே குறைந்தபட்சத் தேர்ச்சி. 2016-இல் வெளியான முதல் முடிவுகளில், சோதித்தவற்றில் மிகப் பெரும்பாலானவை அதில்கூடத் தேறவில்லை. தேறிய சிலவற்றின் ரப்பருக்குள் சொரசொரப்பான நுண்துகள்கள் கலந்திருந்தன. நவம்பர் மலையில் வேட்டைக்காரர் பூட்ஸின்மேல் மாட்டும் முள்சங்கிலியைப் பையில் வைத்திருப்பது இதனால்தான்.

சோலின் விறைப்பு அடுத்த கேள்வி. சரிவின் குறுக்கே நடக்கும்போது பாதத்தின் ஒரு விளிம்பு மட்டுமே தரையில் பதியும். சோல் மிருதுவாக இருந்தால் அது முறுக்கிக்கொள்ளும், கணுக்காலும் கெண்டைக்காலும் அந்த முறுக்கைத் தாங்கிச் சோர்ந்துபோகும். விறைத்த சோலின் விளிம்பு சரிவில் வெட்டி நிற்கும், முன்நுனியை உறைந்த பனியில் குத்திப் படி அமைக்கலாம். ஜெர்மனியின் மைண்டல் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஏ' முதல் 'டி' வரையிலான வகைப்பாட்டை இன்று பலரும் பின்பற்றுகிறார்கள். 'ஏ' சமவெளி நடைக்கு, 'டி' பனிச்சுவர் ஏற்றத்துக்கு. மலை வேட்டைக்கு 'பி'-யும் 'சி'-யும், இரண்டுக்கும் நடுப்பட்டதும்.

விறைப்பு கூடக்கூட வேறொன்று குறையும். காலடியில் சுள்ளி இருப்பது தெரியாது. கடைசி நூறு மீட்டரை ஓசையின்றி நெருங்க வேண்டியவருக்கு அது பெரிய இழப்பு. சிலர் அந்தக் கட்டத்தில் பூட்ஸையே கழற்றிவிட்டு சாக்ஸோடு நடப்பதும் உண்டு. அதே நேரத்தில், வேட்டை வெற்றியானால் சுமை காத்திருக்கிறது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும், எலும்பு நீக்கிய இறைச்சியே 100 கிலோவைத் தொடலாம். அதைப் பகுதி பகுதியாகப் பல நடை முதுகில் சுமந்து இறக்கும்போது, மிருதுவான சோலில் நடப்பவரின் பாதம் ஒவ்வொரு கல்லையும் உணரும்.

பூட்ஸின் உயரம் பெரும்பாலும் 20 முதல் 25 சென்டிமீட்டர். உயரம் பனியையும் முட்செடியையும் தடுக்கும், கணுக்காலைப் பக்கவாட்டில் பிடிக்கும். ஆனால் உயரம் மட்டுமே சுளுக்கைத் தடுத்துவிடாது. குதிகால் அசையாமல் பதிந்திருப்பதும், லேஸ் கணுக்கால் மடிப்பில் இறுகப் பூட்டப்படுவதும் சேர்ந்துதான் தடுக்கும். ஆழ்ந்த பனியில் பூட்ஸின் வாயைத் தனித் துணி உறையால் மூடினால், 30 சென்டிமீட்டர் பூட்ஸின் எடையைச் சுமக்காமலே அதன் பலன் கிடைக்கும்.

எடையைக் குறைப்பது அற்பச் சிக்கனம் அல்ல. 1969-இல் சூல், கோல்ட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுமையைத் தலையிலும் கையிலும் காலிலும் வைத்து நடக்கச் சொல்லி ஆற்றல் செலவை அளந்தார்கள். காலில் கட்டிய ஒவ்வொரு கிலோவும், உடல் எடையின் ஒரு கிலோவைப்போல ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றலை வாங்கியது. ஒவ்வோர் அடியிலும் காலை உயர்த்தி, முடுக்கி, நிறுத்த வேண்டியிருப்பதே காரணம். கூடுதல் ஆற்றல் என்றால் கூடுதல் வெப்பம், கூடுதல் வியர்வை. தேவைக்கு மேல் காப்பு வைத்த கனமான பூட்ஸ் இப்படி இருமுறை ஈரத்தைக் கூட்டுகிறது: கனத்தால் ஒருமுறை, சூட்டால் இன்னொருமுறை.

நாளைப் பார்த்துப் பூட்ஸ்

இனி மோன்டானா வேட்டைக்காரரின் தேர்வுக்கு வரலாம். அக்டோபர் கடைசியில், நாளில் பெரும்பகுதி நடக்கப்போகிறார், குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது என்றால் காப்பே இல்லாத அல்லது 200 கிராம் காப்புள்ள, சவ்வு வைத்த தோல் பூட்ஸ் போதும். நடையே அவரைச் சூடாக வைத்திருக்கும். நவம்பர் நடுவில், மைனஸ் 10, 15 டிகிரியில், இரண்டு மணி ஏற்றமும் இரண்டு மணி உட்காருதலும் மாறிமாறி வந்தால் 400 கிராம் நியாயமான நடுநிலை. மரத்தில் கட்டிய பரணில் விடிகாலையிலிருந்து அசையாமல் உட்காருபவருக்கு 1000 கிராமோ, கழற்றி உலர்த்தக்கூடிய நமுதை உள்ளுறை வைத்த ரப்பர்-தோல் பூட்ஸோ சரி. அப்படிப்பட்டவர் நடக்க வேண்டிய தூரமும் குறைவு.

நடுநிலையில் இருப்பவருக்குச் சில பழக்கங்கள் துணைசெய்யும். மெதுவாக ஏறுவது, ஏறும்போது மேலங்கியைக் கழற்றிவிடுவது, முகட்டை அடைந்ததும் நனைந்த சாக்ஸை மாற்றுவது, உட்காரும்போது காலடியில் ஒரு துண்டு நுரைத்தாளைப் போட்டுக்கொள்வது, பூட்ஸின்மேல் மாட்டும் பஞ்சு உறையைப் பையில் எடுத்துச்செல்வது. காப்பைக் காலிலேயே சுமக்காமல் பையில் சுமந்து, தேவைப்படும்போது மட்டும் மாட்டினால் வியர்வையும் குறையும், விரலும் பிழைக்கும்.

மிகச் சிறந்த பூட்ஸும் அளவு பிசகினால் பயனற்றது. நடந்தபின் பாதம் சற்று வீங்கும் என்பதால் மாலையில் போய் வாங்குவது நல்லது, மலையில் அணியப்போகும் அதே சாக்ஸோடு. நியூயார்க் மாநிலத்தின் சார்லஸ் பிரானக் 1920-களில் செய்த அளவுக்கருவி பாதத்தின் மொத்த நீளத்தை மட்டுமல்லாமல், குதிகாலிலிருந்து பாதத்தின் அகன்ற மூட்டுவரையிலான நீளத்தையும் காட்டும். பூட்ஸ் வளையும் இடமும் கால் வளையும் இடமும் ஒன்றாக வர வேண்டும் என்பதால் இரண்டாவது அளவு முக்கியம். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். லேஸ் கட்டியபின் ஏறும்போது குதிகால் எழும்பக் கூடாது, சாய்தளத்தில் இறங்கும்போது விரல்நுனி முன்சுவரில் இடிக்கக் கூடாது. இடித்தால், நாள் முழுக்க இறங்கியபின் நகம் கறுத்துப்போகும். தடித்த தோல் பூட்ஸ் பாதத்துக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். பருவத்துக்கு முந்தைய வாரம் வாங்கியவர் அந்தப் பழக்கத்தை மலையில், கொப்புளங்களோடு செய்வார்.

நனைந்த பூட்ஸை முகாம் தீயருகே வைப்பது பலரும் செய்யும் கேடு. ஈரத்தோல் சூட்டில் சுருங்கி வெடிக்கும், சோலை ஒட்டிய பசை இளகும். இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஊறியதும் மாற்றி, காற்றில் உலரவிடுவதே சரி.

இன்னொரு சேதம் வீட்டு அலமாரிக்குள் நடக்கிறது. பல பூட்ஸில் சோலுக்கும் மேற்பகுதிக்கும் இடையே பாலியுரித்தேன் நுரை இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இந்த வேதிவினை நிற்காது, வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்தும். மோன்டானாவின் வறண்ட காற்றைவிடச் சென்னையின் காற்றில் அது வேகமாக நடக்கும். இமயமலைக்கென்று வாங்கி, ஒருமுறை போட்டு, சில ஆண்டுகள் மூடிவைத்த பூட்ஸ் வெளிப்பார்வைக்குப் புத்தம்புதிதாகத் தெரிந்தும், இரண்டாம் நாள் நடையில் சோல் தனியே கழன்றுவிடுவது இதனால்தான். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பெட்டியைத் திறந்து, நுரை அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரிசலோ உதிர்தலோ தெரியாவிட்டாலும், சுமையைத் தூக்கிக்கொண்டு சில நாள்கள் மாடிப்படி ஏறி இறங்கினால், கழலப்போகும் சோல் வீட்டிலேயே கழன்றுவிடும். புதிதாகச் சோல் மாற்ற அப்போது நேரமும் இருக்கும்.